இன்றைக்கு என்ன வாசிப்பார்கள்?

நீளமான தபால் உறை. இடது மூலையில் அனுப்புநர் முகவரி, வலது மூலையில் தபால் தலை. மிச்சமுள்ள இடம் பூராவும் வாட்டர் கலரில் ஓர் எலும்புக்கூடு, அதன் தலையைச் சுற்றி ரோஜாக்கள். ஓரத்தில் கூத்தாடும் கரடிகள், மின்னல் வெட்டிய மண்டையோடு. வரைந்தவர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது காதல் கடிதமோ என்று பார்த்தால், கச்சேரி டிக்கெட்டுக்கான விண்ணப்பம். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை டிக்கெட் என்ற விவரம். கூடவே மணி ஆர்டர். பதில் வருவதற்கு, தபால் தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஒன்று. ஏதாவது ஒன்று குறைந்தால் டிக்கெட் கிடையாது. உறையில் படம் போட்டால் டிக்கெட் நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வரைந்து அனுப்பினார்கள்.

1983 முதல் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு, தன் டிக்கெட்டில் ஒரு பங்கைத் தானே தபாலில் விற்றது. அப்படி வந்து குவிந்த உறைகளைத் தூக்கிப் போட அலுவலகத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. 2008இல் குழு தன் ஆவணங்களையெல்லாம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்குக் கொடுத்தபோது, அந்த உறைகளும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அவற்றை ஆய்வு மாணவர்கள் புரட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் 1983இல் இந்தக் குழுவிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஹிட் பாட்டு இல்லை. 1965இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு பீட்சா கடையில் வாசிக்கத் தொடங்கியவர்கள். அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களில் அவர்கள் பாட்டு இடம்பிடித்தது 1987இல்தான். அதுவும் ஒரே ஒரு முறை. ஆனாலும் 30 ஆண்டுகளில் 2,300 கச்சேரிகளுக்கு மேல் நடந்தன. அவர்கள் ஊர் ஊராகப் போகும்போது பின்னாலேயே வேனிலும் ஓட்டைப் பஸ்ஸிலும் ஒரு கூட்டம் போனது. நேற்று பார்த்த கச்சேரியை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப முடியாதவர்கள். அவர்களுக்கு டெட்ஹெட் என்று பெயர்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிக்கிறது?

எனக்குப் பிடித்தது கடம் வழியாக. விக்கு விநாயக்ராம் கிராமி விருது பெற்றவர் என்பது நம் ஊர் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். எந்த ஆல்பத்துக்கு என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். 1991இல் வந்த ‘பிளானெட் டிரம்’ அது. உலக இசைக்கென்று கிராமி முதன்முதலாக ஒரு பிரிவைத் தொடங்கியபோது, முதல் விருது அதற்குத்தான் போனது. நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுன்ஜி, பிரேசிலின் ஐர்தோ மொரெய்ரா, நம் ஜாகிர் உசேன், விநாயக்ராம் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தவர் மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்கர். கடத்துக்காக அந்த ஆல்பத்தைக் கேட்ட நான், அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு யார் இவர் என்று விசாரித்தேன். ஒரு ராக் பேண்டின் டிரம்மர் என்றார்கள். மண்டையோட்டை அடையாளமாக வைத்திருக்கும் பேண்ட் என்றதும், காது கிழியும் சத்தம் என்றே எதிர்பார்த்தேன்.

கேட்டால் அப்படியில்லை. 1970இல் ஒரே ஆண்டில் வந்த ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ இரண்டும் நாட்டுப்புறச் சாயலுள்ள, கேட்க இதமான பாடல்கள். நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். இதற்காகவா வேலையை விட்டுவிட்டு வேனில் ஏறுவார்கள்? பிறகு ஒருநாள் ‘டார்க் ஸ்டார்’ கேட்டேன்.

அந்தப் பாட்டு 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. விற்கவில்லை. அடுத்த ஆண்டு ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், கொளுத்தும் வெயிலில், ஒரு பால் பண்ணைக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரியில் அது அரை மணி நேரத்தைத் தாண்டியது. பாட்டில் இருப்பது ஒரு சின்ன கிட்டார் பிடி, இரண்டு சரணம், அவ்வளவே. பிடியை வாசித்துவிட்டு ஆளாளுக்கு ஒரு பக்கமாகக் கிளம்புகிறார்கள். பத்து நிமிடம் கழித்துச் சரணத்துக்கு வருகிறார்கள், பாடுகிறார்கள், மறுபடி கிளம்பிவிடுகிறார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது என்பதுதான் அதன் ருசி. மூன்று வெவ்வேறு நாள் வாசிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டபோது, தோடி ஆலாபனையை மூன்று வித்வான்களிடம் கேட்கிற பழக்கம் உள்ள காதுக்கு என்ன ஆகுமோ அது எனக்கு ஆனது. நான்காவதைத் தேட ஆரம்பித்தேன்.

வாசித்த ஆட்களும் ஒரு தினுசு. லீட் கிட்டார் ஜெர்ரி கார்சியாவுக்கு வலது கை நடுவிரலில் பெரும்பகுதி கிடையாது. நான்கு வயதில், விறகு பிளக்கும்போது அண்ணனின் கோடரி பட்டுப் போனது. முதலில் பேஞ்சோ வாசித்து, பிறகு கிட்டாருக்கு வந்தவர். பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷ், குழுவில் சேரும்வரை அந்த வாத்தியத்தைத் தொட்டதில்லை. டிரம்பெட்டும் மேற்கத்திய நவீன இசையமைப்பும் படித்தவர். மற்ற பேஸ் கிட்டார்காரர்கள் தாளத்துக்குத் தூணாக நிற்பார்கள். இவர் கார்சியாவோடு எதிர்வாதம் செய்வது மாதிரி இன்னொரு மெட்டு வாசிப்பார். ரிதம் கிட்டார் பாப் வெய்ர் சேரும்போது பள்ளிக்கூடத்துப் பையன். டிரம்ஸில் பில் கிரோய்ட்ஸ்மன். 1967இல் இரண்டாவது டிரம்மராக வந்தவர் மிக்கி ஹார்ட்.

ஹார்ட் வந்ததும் தாளம் மாறியது. அவர் தபலா மேதை அல்லா ரக்காவைத் தேடிப்போய்க் கற்றவர். குழுவின் ‘தி லெவன்’ பாட்டு பதினோரு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. ஆட வந்த கூட்டத்தை அதற்கும் ஆட வைத்தார்கள். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர், ஹார்டின் பண்ணை வீட்டுக்கே வந்து வாசித்தார். இருவரும் சேர்ந்த ‘தீகா ரிதம் பேண்ட்’ ஆல்பம் 1976இல் வந்தது. அதில் ‘ஹேப்பினஸ் இஸ் டிரம்மிங்’ என்று பாட்டு வரிகள் இல்லாத ஓர் உருப்படி உண்டு. அதற்கு வரிகள் போட்டு மறு ஆண்டு மேடையேற்றிய பாட்டுதான் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’. டெட்ஹெட் உலகின் மிகப் பிரபலமான வாசிப்பு ஒன்றின் வேர், தபலாக்கள் நிறைந்த ஓர் அறையில் இருக்கிறது.

கச்சேரிக்கு ஒரு கட்டமைப்பு இருந்தது. முதல் பாதியில் சின்னச் சின்னப் பாட்டுகள். இடைவேளை. இரண்டாம் பாதியில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் ஓடுவார்கள். நடுவில் மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, டிரம்மர்கள் இருவரும் தனி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபா கேன்டீனுக்கு நடையைக் கட்டும் மாமாக்கள் நம்மிடம் உண்டல்லவா? அங்கேயும் டிரம்ஸ் நேரத்தில்தான் கழிப்பறை வாசலில் வரிசை நீளும். என்ன பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டிப் பட்டியல் இருக்காது. நேற்று வாசித்ததை இன்று வாசிப்பது அபூர்வம். சில பாட்டுகள் வருடக்கணக்கில் காணாமல் போய், திடீரென்று ஒருநாள் தலைகாட்டும். அன்று வராமல் வீட்டில் இருந்தவன் கதி என்ன? அதனால்தான் நாளைக்கும் டிக்கெட் வேண்டும்.

இசையோடு போதை வஸ்துவும் கூடவே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் கென் கேசி நடத்திய ‘ஆசிட் டெஸ்ட்’ கொண்டாட்டங்களில் வாசித்துத்தான் குழு வளர்ந்தது. எல்.எஸ்.டி. அப்போது கலிஃபோர்னியாவில் சட்ட விரோதமாகியிருக்கவில்லை. 1966 அக்டோபரில்தான் தடை வந்தது. அதைத் தயாரிப்பதில் பேர்போன ஔஸ்லி ஸ்டான்லிதான் இவர்களின் ஒலி அமைப்பாளர். 1974இல் மேடைக்குப் பின்னால் அறுநூறு சொச்சம் ஸ்பீக்கர்களைச் சுவர் மாதிரி அடுக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலி வழி அமைத்தவரும் அவரே. 75 டன் எடை. பாடுகிறவர் முன்னால் இரட்டை மைக். ஒன்றில் மட்டும் பாடுவார், இரண்டிலும் பொதுவாக விழுகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். தூக்கிச் சுமக்கிற செலவிலேயே குழு நொடித்துப்போய், அந்த ஆண்டு அக்டோபரோடு ஊர் சுற்றுவதை நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் ஸ்டான்லி வேறொரு காரியமும் செய்திருந்தார். தன் ஒலிக்கலவை சரியாக இருந்ததா என்று பிறகு கேட்டுப் பார்ப்பதற்காக, வாசித்ததையெல்லாம் டேப்பில் பிடித்து வைத்தார். குழுவுக்கும் அது பழக்கமானது. கூட்டத்துக்கும் அது தொற்றிக்கொண்டது.

வெறும் கேசட்டும் தபால் செலவும்

மற்ற குழுக்களின் கச்சேரியில் டேப் ரெக்கார்டரோடு பிடிபட்டால் வாசலுக்கு வெளியே தள்ளுவார்கள். இங்கேயும் எழுபதுகளில் மைக்கை ஒளித்துக் கொண்டுபோனவர்கள்தான் அதிகம். போகப்போகத் தடுப்பது குறைந்தது. நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், இனி அது அவர்களுடையது என்கிற ரீதியில் கார்சியா பேசிவந்தார். எண்பதுகளில் ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் மைக் கம்பங்கள் நட்ட காடாகி, பின்னால் நிற்பவர்களுக்கு மேடை மறைந்தது. புகார் வந்தது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரியில், பதிவு செய்கிறவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி, தனி டிக்கெட்டும் விற்றார்கள். ஒரு ராக் குழு தன் கச்சேரியைப் பதிவு செய்வதற்கு இடம் போட்டுக் கொடுத்தது!

ஒரே நிபந்தனை, காசுக்கு விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு நடைமுறை ஏற்பட்டது. கையில் ஒரு கேசட்டும் இல்லாத புது ரசிகன், தெரிந்த ஒருவருக்கு வெறும் கேசட்டும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்புவான். அவர் பதிந்து அனுப்புவார். 90 நிமிட மேக்ஸெல் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். ‘டார்க் ஸ்டார்’ உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து டேப் தீர்ந்துபோகும். திருப்பிப் போட்ட இடைவெளியில் தொலைந்துபோன சில வினாடிகளுக்காக இன்றும் புலம்புகிறவர்கள் உண்டு. கேசட் அட்டையில் பொடி எழுத்தில் பாட்டுப் பெயர்கள். ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் ஓடினால் நடுவில் ஓர் அம்புக்குறி. பிரதியின் பிரதியின் பிரதி என்று போகப்போக இரைச்சல் கூடும்; எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதையும் எழுதி வைப்பார்கள். ஸ்பூல் டேப் காலத்தில் சபா கச்சேரிகளைப் பதிந்து தங்களுக்குள் மாற்றிக்கொண்ட நம் சங்கீதப் பைத்தியங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கேசட்டுகளால்தான் டெட்ஹெட் வெறும் ரசிகனாக இல்லாமல் கறாரான விமர்சகனாகவும் ஆனான் என்பது என் கணிப்பு. நேற்றைய வாசிப்பு கையில் இருக்கிறது, பத்து வருடத்துக்கு முந்தியதும் இருக்கிறது. கார்சியா இன்று வரியை மறந்தார், வெய்ர் சுருதி விட்டார், மொத்தத்தில் மட்டமான ராத்திரி என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். சொல்லிவிட்டு மறுநாளும் போய் நிற்பான். தலைவர் படம் சுமார் என்று சொன்னவனை அடிக்கப் பாயும் ரசிகர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஜாதி புதிது. 1987இல் மூன்று ரசிகர்கள் சேர்ந்து, எந்தத் தேதியில் எங்கே என்னென்ன வாசித்தார்கள் என்று தொகுத்து ‘டெட்பேஸ்’ என்ற புத்தகமே போட்டார்கள். பஞ்சாங்கம் மாதிரி அதை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு எத்தனை கச்சேரிக்குப் பின் திரும்பி வந்தது என்று கணக்குப் பார்த்தவர்கள் ஏராளம்.

குழுவும் இவர்களைத் தேடிப் போனது. 1971இல் வந்த ஆல்பத்தின் அட்டையிலேயே, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள் எனத் தபால் முகவரி கொடுத்திருந்தார்கள். வந்து குவிந்த கடிதங்களே பின்னாளில் பெரிய முகவரிப் பட்டியலாக வளர்ந்தன. இன்று கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிச் சேர்க்கிற வாடிக்கையாளர் விவரத்தை, இவர்கள் ஓர் அட்டை வாசகத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கச்சேரி நடக்கும் மைதானத்தின் கார் நிறுத்தம்தான் இந்தக் கூட்டத்தின் ஊர். சாயம் தோய்த்த டி-ஷர்ட், சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி, ஸ்டிக்கர், மணிமாலை விற்கிற அந்தத் தற்காலிகச் சந்தைக்குக் குழுவின் பாட்டுப் பெயரையே வைத்து ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ என்றார்கள். டிக்கெட் இல்லாதவர் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு சும்மா நடப்பார். யாராவது இலவசமாகக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. கொடுக்கவும் செய்தார்கள். உள்ளே இரண்டு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, காது கேளாதவர்கள். மேடை தெரியும்படி அவர்களுக்கென்று ஓர் இடம், பாட்டு வரிகளைச் சைகை மொழியில் சொல்ல ஆட்கள். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபில் லெஷின் பேஸ் அதிர்வை விரல்களில் வாங்கினார்கள். இன்னொன்று, ‘வார்ஃப் ரேட்ஸ்’. குடியையும் போதையையும் விட்டவர்கள். இத்தனை போதைக்கு நடுவில் இசையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமே! இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையைச் சுற்றிக் கூடிப் பேசுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் பாதிக்குத் திரும்புவார்கள்.

கூட்டத்தில் தலைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலை தெரிந்தால் அது பில் வால்டன். அமெரிக்கக் கூடைப்பந்தின் மாபெரும் வீரர்களில் ஒருவர், ஏழடிக்குக் கிட்ட உயரம். 850 கச்சேரிகளுக்கு மேல் பார்த்தவர். 1978இல் எகிப்தில் கிசா பிரமிடுகளின் அடிவாரத்தில் குழு மூன்று ராத்திரி வாசித்தபோது, அங்கேயும் போய் நின்றார். 2024இல் காலமானார்.

ஹிட் வந்தது, வினையும் வந்தது

1986இல் கார்சியா நீரிழிவால் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். எழுந்தபோது கிட்டார் மறந்துவிட்டிருந்தது. நண்பர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த டிசம்பரிலேயே மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு ‘டச் ஆஃப் கிரே’ பாட்டு ஒன்பதாம் இடத்தைப் பிடித்தது. எம்.டி.வி.யில் எலும்புக்கூடுகள் கிட்டார் வாசித்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த புதுக் கூட்டத்தில் பலருக்கு, பாட்டைவிடக் கார் நிறுத்தத்துத் திருவிழா போதுமானதாக இருந்தது. டிக்கெட் இல்லாமல் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், வேலியைத் தள்ளினார்கள், தெருவிலே படுத்தார்கள். சில நகரங்கள் இனிமேல் வராதீர்கள் என்றன. கேசட் மாற்றிக்கொண்டு பழகிய பழைய ஆட்கள், ஊருக்கு யாரோ வந்து குடியேறிவிட்ட மாதிரி முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர்களையும் ஒரு காலத்தில் யாரோ வெறும் கேசட் வாங்கிச் சேர்த்துக்கொண்டதுதானே.

1995 ஜூலை 2ஆம் தேதி இண்டியானாவின் டியர் கிரீக்கில் கூட்டம் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் கடைசிக் கச்சேரி. அது கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, போதை மறுவாழ்வு நிலையத்தில் கார்சியா மாரடைப்பால் இறந்தார். வயது 53. அஸ்தியில் ஒரு பகுதியை அவர் மனைவியும் வெய்ரும் ரிஷிகேஷ் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்கள். கங்கைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்தது.

குழு அந்த ஆண்டோடு கலைந்தது. ஆனால் டேப்புகள் தீரவில்லை. குழுவின் காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட டிக் லட்வாலாவே கேசட் சேர்க்கிற ரசிகராக இருந்து வேலைக்கு வந்தவர். அவர் பெயரில் 1993இல் தொடங்கிய ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையும், அதன் வாரிசுகளும் பழைய ராத்திரிகளை ஒவ்வொன்றாக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. ரசிகர்கள் பதிந்தவை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. 2005இல் குழுவினர் அங்கிருந்து பதிவிறக்குவதைத் தடுக்கப் பார்த்தபோது, ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாதி பின்வாங்கினார்கள். குழு கலைந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பின், 2024இல், அமெரிக்க ஆல்பம் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் அதிக ஆல்பங்களை நுழைத்தவர்கள் என்ற சாதனையில் எல்விஸ் பிரெஸ்லியையும் ஃபிராங்க் சினாட்ராவையும் தாண்டினார்கள். எண்ணிக்கை 59.

புதிதாகக் கேட்க நினைப்பவருக்கு எல்லாரும் கைகாட்டுவது 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹால். வெளியே மே மாதத்தில் பனி. உள்ளே ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ நழுவி ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ ஆகும் அந்த இடம். நான் மேலே சொன்ன தபலா அறைப் பாட்டு. பதிந்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ராக் உலகில் ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் பெண்களைப் பார்ப்பது அபூர்வமான காலம். பிற்பாடு அவருக்குக் கஷ்டகாலம் வந்து, கிடங்கு வாடகை கட்ட முடியாமல், 1986இல் அவருடைய டேப் பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களிடமிருந்து நல்லபடியாக ரசிகர்கள் கைக்கு வந்து, அத்தனை சுத்தமான ஒலியில் பிரதி பிரதியாகப் பரவின. கார்னெலின் புகழில் பாதி அந்த ஒலியின் தெளிவுக்குச் சேர வேண்டியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியப் பதிவுகளில் அதையும் சேர்த்தது. முறையான ஆல்பமாக வந்தது 2017இல், நாற்பது வருடம் கழித்து.

ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட டெட்ஹெட்டிடம் கார்னெல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முந்தின ராத்திரி பாஸ்டன் கேட்டாயா என்பார் ஒருவர். மே 5, நியூ ஹேவன் என்பார் இன்னொருவர். கார்னெலில் தூங்கி எழுந்து மறுநாள் பஃபலோவில் ‘ஹெல்ப் ஆன் தி வே’யோடு ஆரம்பித்தார்களே, அதற்குக் கிட்ட வருமா என்று மூன்றாமவர் சண்டைக்கு நிற்பார். நான்கு ராத்திரியும் இப்போது ஒரே பெட்டியில் கிடைப்பதால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள், இன்னும் முற்றியிருக்கிறது. நான் பஃபலோ கட்சி.